மக்காவ்: சூதாட்ட நகரத்தின் ஆட்சி முறை

சீனாவின் தென்கரையில், முத்து ஆற்று முகத்துவாரத்தின் மேற்குப் பக்கம், சுமார் 33 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் வாழும் ஊர் மக்காவ். ஹாங்காங்கைப் போல இதுவும் சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதி. படாக்கா என்ற சொந்த நாணயம், தனிக் குடியேற்ற எல்லை, தனி வரி, தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு. பாதுகாப்பும் வெளியுறவும் பெய்ஜிங்கின் கையில். ஹாங்காங் அரசியல் அடிக்கடி தலைப்புச் செய்தியாகிறது; மக்காவ் என்றால் சூதாட்ட விடுதிகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் 'ஒரு நாடு, இரு அமைப்பு' என்ற ஏற்பாடு எப்படி நடக்க வேண்டும் என்று பெய்ஜிங் நினைத்ததோ, அப்படியே நடப்பது இங்கேதான்.

1557-இல் போர்த்துகீசியர் இங்கே குடியேறினர். 1844 வரை கோவாவிலிருந்து ஆண்டவர்களின் கீழ்தான் மக்காவும் இருந்தது. காலனி ஆட்சியின் முதுகெலும்பு 1966 டிசம்பர் கலவரத்திலேயே முறிந்துவிட்டது. துப்பாக்கிச் சூட்டில் சீனர்கள் இறந்ததற்காக, 1967 ஜனவரியில் போர்த்துகீசிய ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஊரில் யார் சொல் செல்லும் என்பதில் பெரிய ஐயம் இல்லை. 1974-இல் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் வீழ்ந்ததும் புதிய அரசு மக்காவைத் திருப்பித் தர முன்வந்தது, அவசரப்படாதது சீனாதான். 1987-இல் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1993-இல் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் மக்காவின் அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1999 டிசம்பர் 20-இல் ஆட்சி கைமாறியது.

இந்த அடிப்படைச் சட்டம்தான் அங்கே அரசியல் சாசனம் போன்றது. பெரும்பகுதி ஹாங்காங்கின் சட்டத்தை ஒட்டியதே. ஆனால் ஒரு வாக்குறுதி இதில் இல்லை. தலைமை நிர்வாகியையும் சட்டமன்றத்தையும் இறுதியில் எல்லா மக்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதே இலக்கு என்று ஹாங்காங் சட்டம் சொல்கிறது. மக்காவ் சட்டமோ, தலைமை நிர்வாகி உள்ளூரில் தேர்தல் மூலமோ கலந்தாலோசனை மூலமோ தெரிவு செய்யப்பட்டு மத்திய அரசால் நியமிக்கப்படுவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஹாங்காங் வீதிகளில் பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் மையக் கோரிக்கைக்கு மக்காவில் சட்டத்தின் துணையே கிடையாது.

அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர் தலைமை நிர்வாகி. பதவிக்காலம் 5 ஆண்டு. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. அவரைத் தெரிவு செய்வது 400 பேர் கொண்ட தேர்தல் குழு. தொழில், வணிகம், நிதித் துறைக்கு 120 இடம். கல்வி, பண்பாடு, தொழில்முறையாளர்களுக்கு 115. தொழிலாளர், சமூக சேவை, சமயத் துறைக்கு 115. மீதி 50 அரசியல் பிரதிநிதிகளுக்கு. வேட்பாளராக நிற்கவே இவர்களில் 66 பேர் முன்மொழிய வேண்டும். கடைசியாக இரண்டு பேர் மோதியது 1999-இல், எட்மண்ட் ஹோ முதல்முறை வென்றபோது. அதன் பிறகு நடந்த ஒவ்வொரு தேர்விலும் வாக்குச்சீட்டில் ஒரே பெயர். 2024-இல் அந்தப் பெயர் சாம் ஹோ ஃபாய். 394 வாக்குகள் பெற்றார்.

சட்டமன்றத்தில் 33 பேர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 14 பேரைத்தான். 12 பேரைத் தொழில், சமூக அமைப்புகள் அனுப்புகின்றன. 7 பேரைத் தலைமை நிர்வாகியே நியமிக்கிறார். அரசுச் செலவு, அரசியல் அமைப்பு, அரசின் செயல்பாடு பற்றி உறுப்பினர் யாரும் மசோதா கொண்டுவர முடியாது. அரசின் கொள்கையைத் தொடும் மசோதா என்றால் தலைமை நிர்வாகியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இத்தனையும் கழித்துப் பார்த்தால், உறுப்பினரின் கையில் கேள்வி கேட்கும் உரிமைதான் மிஞ்சுகிறது.

நேரடி இடங்களுக்கு வாக்கு எண்ணும் முறை விசித்திரமானது. வாக்கு வேட்பாளர் பட்டியலுக்குத்தான். தனி ஆளுக்கு அல்ல. பட்டியல் வாங்கிய வாக்கை 1, 2, 4, 8 என்று வகுத்துக்கொண்டே போவார்கள். 24,000 வாக்கு பெற்ற பட்டியல், முதல் இடத்துக்கு 24,000, இரண்டாவதற்கு 12,000, மூன்றாவதற்கு 6,000 என்ற கணக்கில் போட்டியிடும். நான்காவதற்கு வெறும் 3,000. பெரிய அணி மூன்றாவது இடம் பெறுவதே கடினம். அதனால் ஒரே அணி இரண்டு பெயரில் இரண்டு பட்டியல் போட்டு, ஆதரவாளர்களைப் பிரித்து வாக்களிக்கச் சொல்வது வழக்கமான உத்தி. கட்சி என்று ஒன்று வளர இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. ஊர்ச்சங்கம், தொழிற்சங்கம், புலம்பெயர்ந்த ஊர்க்காரர் சங்கம் ஆகியவைதான் அங்கே கட்சிகள்.

இந்தச் சிறிய வாசலும் 2021-இல் இன்னும் குறுகியது. அடிப்படைச் சட்டத்தை மதிக்காதவர்கள், விசுவாசமற்றவர்கள் என்று 21 வேட்பாளர்களைத் தேர்தல் ஆணையம் நீக்கியது. அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயக ஆதரவாளர்கள். மேல்முறையீட்டை இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர், பின்னாளில் தலைமை நிர்வாகியான அதே சாம் ஹோ ஃபாய். 2017-இல் 57 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு அந்தத் தேர்தலில் 42 சதவீதமாகச் சரிந்தது. 2025 தேர்தலுக்கு முன் 12 பேர் நீக்கப்பட்டனர். மேல்முறையீட்டு வழியையே அதற்குள் சட்டத்திருத்தம் அடைத்துவிட்டிருந்தது.

நீதித்துறையில் போர்ச்சுகலின் தடம் இன்னும் அழியவில்லை. மூன்று அடுக்கு நீதிமன்றங்கள். சீனமும் போர்த்துகீசியமும் ஆட்சிமொழிகள். சீனப் பெருநிலத்தில் மரண தண்டனை உண்டு. மக்காவில் ஆயுள் தண்டனைகூட இல்லை. பொதுப்பணித் துறையை வைத்திருந்த செயலர் ஆவ் மான் லோங் ஊழல் வழக்கில் 2008-இல் பெற்ற தண்டனை 27 ஆண்டு சிறை. ஆனாலும் அடிப்படைச் சட்டத்துக்கு இறுதி விளக்கம் தரும் உரிமை மக்காவ் நீதிபதிகளிடம் இல்லை, பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் இருக்கிறது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை மக்காவ் 2009-இலேயே சத்தமின்றி நிறைவேற்றியது. ஹாங்காங் 2003-இல் அதே முயற்சியை, லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்ததால் கைவிட்டிருந்தது.

இந்த அமைதிக்குப் பணமும் ஒரு காரணம். தொழிலதிபர் ஸ்டான்லி ஹோவின் சூதாட்டத் தனியுரிமை 2002-இல் முடிந்து, வெளி நிறுவனங்களும் சூதாட்ட விடுதி நடத்த அனுமதி பெற்றன. அவற்றின் வருவாயில் சுமார் 40 சதவீதம் வரியாகவும் பங்களிப்பாகவும் அரசுக்குப் போகிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அரசு வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு இதிலிருந்தே வந்தது. 2008 முதல் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் ரொக்கம் தரப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் ஆளுக்கு 10,000 படாக்கா. தேர்தலில் இல்லாத பங்கை வங்கிக் கணக்கில் தருகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

சூதாட்டத்தை நம்பியே இருப்பது ஆபத்து என்பதால், பக்கத்திலுள்ள ஹெங்சின் தீவில் குவாங்டோங் மாகாணத்துடன் சேர்ந்து ஆளும் ஒத்துழைப்பு மண்டலம் 2021-இல் தொடங்கப்பட்டது. பரப்பில் அது மக்காவைப் போல மூன்று மடங்கு. மக்காவின் அமைப்பு முறை 50 ஆண்டுகள் மாறாது என்று அடிப்படைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உறுதி தருகிறது. 2049-இல் அந்தக் கெடு முடியும்போது என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.