ரயில் பாலத்தின் கல் கால்கள்



அயர்லாந்து நாட்டின் வடமேற்கில் டொனெகால் என்றொரு பகுதி. அங்கே ஓவன்கேரோ பள்ளத்தாக்கில் உயரமான கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேலே எதுவும் இல்லை, வெறும் வானம்தான்!

“தூண்கள் இருக்கின்றன, பாலம் எங்கே போச்சு?” என்று கேட்கிறீர்களா? சபாஷ்! அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1903-ல் லெட்டர்கென்னி ஊரிலிருந்து பர்ட்டன்போர்ட் துறைமுகம் வரை ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 3 அடி இடைவெளிதான். நம் ஊர் அகலப் பாதையில் அது 5 அடி 6 அங்குலம். எவ்வளவு ஒல்லியான ரயில், பாருங்கள்! அந்த ரயில் பள்ளத்தாக்கைத் தாண்டுவதற்காக, சுமார் 350 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். தூண்கள் கல்லால் ஆனவை. அவற்றின் மேல் கிடந்தவை இரும்பு உத்தரங்கள்.

ஏன் இரண்டு வகைப் பொருள்? ஒரு சின்ன சாக்பீஸ் துண்டை எடுங்கள். அதன் இரு முனைகளையும் விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். உடையாது. இப்போது இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். பட்டென்று உடைந்துவிடும்!

வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் முதல் விரிசல் விழும். கல்லும் அப்படித்தான். பெரிய பாரம் அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் அவ்வளவாகத் தாங்காது. ரயில் ஏறியதும் உத்தரம் கொஞ்சம் வளையும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்க இரும்பு வேண்டும். கீழே பாரம் சுமக்கக் கல் போதும். புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு சாக்பீஸை உடைத்துப் பாருங்கள், தப்பில்லை!

இந்தப் பாலத்துக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1925 ஜனவரி 30 அன்று இரவு, பயங்கரப் புயல். பாலத்தின் மேல் வந்த ரயிலின் பெட்டிகளைக் காற்று தடம் புரட்டியது. நான்கு பேர் இறந்துபோனார்கள்.

காற்றுக்கு அவ்வளவு பலமா? ஆமாம், கண்ணுகளா. காற்றின் வேகம் 2 மடங்கானால் அது தள்ளும் விசை 4 மடங்காகும். வேகம் 3 மடங்கானால் விசை 9 மடங்கு! பட்டத்தின் தாள் காற்றை வாங்குவதுபோல, பெட்டியின் அகலமான பக்கச்சுவர் புயலை முழுசாக வாங்கிக்கொண்டது. கீழே ஊன்றி நிற்க அதற்கு இருந்ததோ 3 அடிப் பாதை. தூண்களின் கதை வேறு. அவை அத்தனை கனம். அதனால் புயலால் அவற்றைச் சாய்க்க முடியவில்லை.

பாலத்தைச் சரிசெய்து மறுபடியும் ரயில் விட்டார்கள். பிறகு சாலையில் பேருந்தும் லாரியும் பெருகின. ரயிலுக்குக் கூட்டம் குறைந்தது. 1940-களில் பாதையை மூடிவிட்டார்கள்.

பாலத்தின் இரும்பைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பழைய இரும்புக்கு எப்போதும் விலை உண்டு. அதை உருக்கினால் புதிதாக எதையும் செய்யலாம். கல்லை உருக்கி என்ன செய்வது? அதனால் தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.