சுவிட்சு போர்டு உயரத்தில் ஒரு சிக்கல்

2005-ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'சிபி-ரோபோ' என்றொரு வீடியோ கேமை வெளியிட்டது. உருவாக்கியது ஸ்கிப் என்ற சிறிய நிறுவனம். சண்டையை நம்பி ஓடும் ஆட்டம் இல்லை இது. 10 செ.மீ. உயர ரோபோ ஒன்று வீட்டைச் சுத்தம் செய்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தரைக்கறையைத் தேய்க்கிறது, குப்பையைக் கூடையில் போடுகிறது, மனக்கசப்பில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அவர்கள் மகளுக்கும் கொஞ்சம் சந்தோஷம் தேடித் தருகிறது. ஒவ்வோர் அடிக்கும் பேட்டரி குறையும். தீர்வதற்குள், பின்னால் இழுத்துத் திரியும் பிளக்கைச் சுவரில் செருகியாக வேண்டும்.

இதில் அறிவியல் பிசகே இல்லை. உருவத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் பேட்டரிக்கான இடம் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். கூடத்தின் நீளமோ சுருங்குவதில்லை. ஆகவே குட்டி ரோபோவின் வாழ்க்கை பிளக்கைச் சுற்றித்தான் ஓடும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் 1940-களின் இறுதியில் செய்த ஆமை ரோபோக்களே, பேட்டரி இறங்கினால் விளக்கு எரியும் தங்கள் கூண்டைத் தேடிப் போயின.

சரி, இந்த ரோபோவை மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் விட்டால்?

கேமில் பிளக் பாயின்ட் தரையை ஒட்டியே இருக்கிறது. நம் பழைய வீடுகளில் அது நாலடி உயரத்தில், மரப்பலகையில், கறுப்பு பேக்லைட் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற, குழந்தைகள் தவழ்கிற வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் 10 செ.மீ. ரோபோவுக்கு நாலடி என்பது தன்னைப்போல் 12 மடங்கு. நமக்கு அது 20 மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரம்.

ஏறவே பேட்டரி தீர்ந்துவிடுமோ? கணக்குப் போட்டால் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரோபோவின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 1.2 மீட்டர் தூக்கச் சுமார் 2.4 ஜூல் போதும். ரிமோட்டில் போடுகிற அளவுள்ள ஒரு சாதாரண ரீசார்ஜ் பேட்டரியில் 8,600 ஜூல் இருக்கிறது. மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை வெப்பமாக வீணடித்தாலும் 350 தடவை ஏறலாம். ஆற்றல் தாராளமாக இருக்கிறது. இல்லாதது பிடிமானம்.

அந்தப் பிடிமானத்தை வைத்திருப்பது அதே சுவரில் ட்யூப்லைட் பக்கம் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லி. சத்தம் போட்டால் சகுனம் பார்க்கிறோம். அதன் காலை யாரும் பார்ப்பதில்லை. அதில் பசையும் இல்லை, உறிஞ்சு குழியும் இல்லை. டோக்கே என்ற பெரிய இனப் பல்லியின் ஒரு பாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிளவுபட்டிருக்கும். நுனிகள் சுவரை அவ்வளவு நெருங்குவதால், மூலக்கூறுகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு மயிரின் பிடியை 2000-ல் அளந்து காட்டியவர்கள் ஆய்வாளர் கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும்.

இங்கே சிறிய உருவம் வரமாகிறது. உடல் வளர வளர எடை ஏறும் வேகத்துக்குப் பாதத்தின் பரப்பு ஏறாது. மனிதன் பல்லிபோல் சுவரேற வேண்டுமென்றால் உடல் பரப்பில் சுமார் 40 சதவீதம் ஒட்டும் பாதமாக இருக்க வேண்டும் என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சிலந்தி மனிதன் படம் பார்க்கும்போது இது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த 'ஸ்டிக்கிபாட்' ரோபோ பல்லியின் பாதத்தைப் பார்த்து உருவானது. விநாடிக்கு 4 செ.மீ. வேகத்தில் கண்ணாடியில் ஏறியது. ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் கண்ணாடி அல்ல. தொட்டால் கையில் வெள்ளை ஒட்டும். செயற்கைப் பாதத்துக்குப் பெரிய எதிரி தூசிதான். பல்லியின் பாதமோ நடக்க நடக்கத் தன் அழுக்கைத் தானே உதிர்த்துவிடும்.

மேலே போய்ச் சேர்ந்தாலும் ஒன்று பாக்கி: சுவிட்சைப் போட வேண்டும். 200 கிராம் உடம்போடு முழுசாகத் தொங்கினாலும் நம்மூர் சுவிட்சு அசையுமா என்பது சந்தேகம்தான். அதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

இன்றிரவு ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருந்தால் விரட்டாதீர்கள். உள்ளிருந்து அதன் அடிப்பாதத்தைப் பாருங்கள். காலை எடுக்கும்போது விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டி, உரித்து எடுக்கும்.