வணிகமும் வலையமைப்பும்

ஒரே வழியை நம்பி வாழ்வதன் இடர் எத்தகையது என்பதை வன்னிப் பெருநிலத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் கண்டி வீதி அடைபட்டபின், யாழ்ப்பாணம் செல்ல வேண்டியிருந்த பலர் கிளாலிக் கடனீரேரியைப் படகேறிக் கடந்தனர். 2002இல் திறந்த அவ்வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலேதான் மறுபடி திறந்தது. அண்மையில், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியிலே பாலமொன்று சிதைந்தது. டிசம்பரில் இந்தியாவின் உதவியுடன் 120 அடி நீளமான பெய்லிப் பாலம் அமைக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் வேறொரு வீதியும் உண்டு என்பதே பெரும் ஆறுதலாகும்.

வீதிக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இன்றைய வணிகத்தின் கண்ணுக்குத் தெரியாத வீதிக்கும் பொருந்தும். அவ்வீதியிலே செல்வது நெல்லன்று, தகவல். வவுனியாவில் தலைமையகமும், கிளிநொச்சியில் நெற்கொள்வனவுக் களஞ்சியமும், முல்லைத்தீவில் விற்பனைக் கிளையும் கொண்ட ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்க்கலாம். காலபோக அறுவடை முடிந்து விவசாயி உழவு இயந்திரப் பெட்டியிலே நெல்லைக் கொண்டுவருகிறார். எடையும் ஈரப்பதனும் கணினியிற் பதியப்படுகின்றன. அப்பதிவு வவுனியா சென்று, அங்கிருந்து வங்கிக்குக் கட்டளை போனால்தான் அவருடைய கணக்கிலே பணம் சேரும். இணைப்பு அறுந்துவிட்டால் அவர் காத்து நிற்பார். வெட்டுக்கூலியும் கடனும் அவரை நெருக்குமாயின், கைப்பணத்தோடு வீதியோரத்தில் நிற்கும் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்கு நெல்லைக் கொடுத்துவிட்டுப் போவார். நிறுவனம் ஒரு கொள்வனவை இழக்கும். விவசாயியோ ஒரு போகத்து உழைப்பின் பயனையே இழப்பார்.

முன்னாளில் கிளைகளை இணைக்க விரும்பிய நிறுவனங்கள், தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து தனி இணைப்பைக் குத்தகைக்குப் பெற்றன. 1990களின் பிற்பகுதியில் எம்.பி.எல்.எஸ். என்னும் முறை வந்தது. தகவற் பொதி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை ஒட்டி, அச்சீட்டைப் பார்த்தே அடுத்த நிலையத்துக்கு அனுப்பும் முறை அது. நம்பிக்கைக்குரியது; ஆயினும் விலை மிக்கது. அன்றியும், கிளைகளிலிருந்து இணையத்துக்குச் செல்ல வேண்டிய தகவலும் பெரும்பாலும் தலைமையகத்தின் வாயிலில் வந்தே வெளியேறியது. கணக்கேடு தலைமையகத்துக் கணினியில் இருந்த காலத்துக்கு அது பொருந்திற்று. கணக்கேடும் மின்னஞ்சலும் இணையத்திலேயே குடியேறிவிட்ட இக்காலத்துக்கு அது பொருந்தவில்லை.

இக்குறையை நீக்க வந்ததே மென்பொருள்வழிப் பரந்த வலையமைப்பு. தொழில்நுட்பத்தார் இதனை எஸ்.டி-வான் என்பர். பெயர் அச்சுறுத்தினும் கருத்து எளிது. இரணைமடுக் குளத்து நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களால் வயல்களை அடைகிறது. நீரைச் சுமப்பது வாய்க்கால். எப்பகுதிக்கு எந்நாளில் எவ்வளவு நீர் என்று தீர்மானிப்பதோ போகத் தொடக்கத்திற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம். சுமக்கும் வேலை வேறு, தீர்மானிக்கும் வேலை வேறு. பழைய வலையமைப்பிலே இவ்விரண்டையும் ஒவ்வொரு கிளையிலும் உள்ள கருவியே தனித்தனியாகச் செய்தது. விதியொன்றை மாற்றுவதாயின் கருவிதோறும் சென்று மாற்ற வேண்டும். புதிய முறையிலே தீர்மானம் ஓரிடத்தில் எழுதப்பட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்படுகிறது. இக்கருத்து 2008 அளவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முயற்சியால் வலுப்பெற்றது. 2012இல் கூகிள் நிறுவனம் தன் தரவு நிலையங்களை இவ்வாறு இணைத்திருப்பதை வெளியிட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இது கிளைகளுக்குரிய கருவியாக விற்பனைக்கு வந்துவிட்டது.

கிளையிலே வைக்கப்படும் சிறு பெட்டியிற் பல இணைப்புகளைப் பொருத்தலாம்: ஒளியிழை ஒன்று, கைத்தொலைபேசி வலையமைப்பு ஒன்று, வேண்டுமாயின் செய்மதி ஒன்று. ஒவ்வொரு வழியிலும் தாமதம் எவ்வளவு, அத்தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, எத்தனை பொதிகள் தொலைகின்றன என்பவற்றைப் பெட்டி இடைவிடாது அளக்கிறது. பணக்கட்டளை முதலிற் செல்க, பேச்சு தாமதங்குறைந்த வழியிற் செல்க, காவற் படக்கருவியின் காட்சி இறுதியிற் செல்க என்று விதி எழுதிவிட்டால், நிலைமைக்கேற்ப வழியை அதுவே தெரிந்துகொள்ளும். முத்திரையிட்ட தபாற் பை பொதுப் பேருந்திற் செல்வதுபோல், தகவலும் மறைகுறியிட்டே பொது இணையத்திற் செல்லும்.

அங்ஙனமாயின் இதனைத் தெரிவு செய்வோர் முதலிற் பார்க்க வேண்டியது யாது? பெட்டியின் பெயரையா, விலையையா என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டுமல்ல. முதலிற் பார்க்க வேண்டியது வழிகளை. மென்பொருள் இருக்கும் வழிகளுள் நல்லதைத் தெரியுமேயன்றி, இல்லாத வழியை உண்டாக்காது. இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகள் இருப்பினும், இரண்டும் ஒரே கோபுரத்தை நம்பினால் வழி ஒன்றே. இரண்டு ஒளியிழைகள் இருப்பினும், இரண்டும் ஒரே தூண்வரிசையிலே வந்தால், ஒரு மரம் முறிந்து விழுந்தாற் போதும். மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டிலே ஒரு நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. ஆகவே இழை எவ்வழியாக வருகிறது, கோபுரம் எது, அதன் மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பவற்றை ஒப்பமிடுமுன் கேட்டறிதல் வேண்டும்.

செய்மதி தனித்த வழியாகும். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய செய்மதிகளின் வழியே ஒரு கேள்வி போய் விடை வர அரைச் செக்கன் அளவாகும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆதலின் அவை பேச்சுக்கு உகந்தனவல்ல. 2025 ஜூலையில் இலங்கையிற் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்கின் செய்மதிகள் அவற்றைவிட மிகத் தாழ்ந்த உயரத்திலே சுழல்வதால் அவற்றின் தாமதம் மிகக் குறைவு.

இரண்டாவது, தீர்மானிக்கும் நிலையத்தோடு தொடர்பு அற்றால் கிளைப் பெட்டி என்ன செய்யும் என்பது. இறுதியாகப் பெற்ற விதிகளைக் கொண்டு தொடர்ந்து இயங்குவதே நற்பெட்டி. மூன்றாவது, ஒரு வழி அறும்போது மறுவழிக்கு மாற எவ்வளவு நேரமாகும் என்பது. விற்பவரின் சொல்லை நம்பாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். நான்காவது, காவல். கிளைகள் நேராக இணையத்துக்குச் செல்லுமாயின் ஒவ்வொரு கிளையும் ஒரு வாயிலாகும். வாயில்தோறும் தீச்சுவர் வேண்டும். அதனை யார் காலந்தோறும் புதுப்பிப்பார் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும்.

ஐந்தாவது, பணம். பெட்டியின் விலை ஒருமுறை. உரிமக் கட்டணமோ ஆண்டுதோறும். அது டொலரிற் குறிக்கப்பட்டிருப்பின் மிக்க கவனம் வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்ததை வணிகர் மறந்திரார். உரிமம் முடிந்தபின் பெட்டி இயங்குமா, வெறும் இரும்பாகிவிடுமா என்பதையும் கேட்க வேண்டும். விற்கும் நிறுவனங்களும் நிலையானவையல்ல. இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான வெலோகிளவுட் 2017இல் வி.எம்.வெயார் கைக்கும், 2023இல் புரோட்கொம் கைக்கும், 2025இல் அரிஸ்டா கைக்கும் மாறியது. எனவே நீண்ட ஒப்பந்தத்தைவிட, விலகும் உரிமையுள்ள ஒப்பந்தமே மேல். பெட்டி பழுதுற்றால் முல்லைத்தீவுக்கு யார், எத்தனை நாளில் வருவார் என்பதும் விலையின் ஒரு பகுதியே; மாற்றுப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருத்தல் அறிவுடைமை.

இவற்றையெல்லாம் கேட்டபின்பும் ஒரு கேள்வி எஞ்சும்: இது வேண்டுமா? மேற்சொன்ன நிறுவனத்துக்கு உள்ளவை மூன்று இடங்களே. அத்தகைய நிறுவனத்துக்கு, இரண்டு இணைப்புகளை ஏற்கும் சாதாரண வழிப்படுத்தியும், மறைகுறியிட்ட இணைப்பும், நல்ல மின்கலமும் பெரும்பாலும் போதியன. கிளைகள் பத்தாகவும் இருபதாகவும் பெருகி, விதிகளைக் கிளைதோறும் மாற்றுவது இயலாதபோதே புதிய முறையின் பயன் செலவை விஞ்சும். ஊரார் வாங்கினார் என்று வாங்கும் கருவி, உழாத நிலத்துக்கு வாங்கிய ஏரே.

வேண்டுமென்று தெளிந்தோரும் முதலில் ஒரு கிளையில் ஒரு மாதம் பரீட்சித்துப் பார்த்தல் நன்று. அந்த மாதம் ஆகஸ்டின் வறண்ட மாதமாக இருத்தலாகாது. மாரி பொழியும் நவம்பரோ டிசம்பரோ ஆதல் வேண்டும். வாய்க்காலின் வலிமை வெள்ளத்திலேயே தெரியும். அம்மழையிலும் களஞ்சியத்து இணைப்பு நிலைத்து நின்றதாயின், தை, மாசியில் நெல்லைக் கொண்டுவரும் விவசாயி அன்றே தன் பணத்தைப் பெற்று வீடு திரும்புவார். எந்த வலையமைப்பு நன்று என்பதற்கு அதனிலும் சிறந்த சான்று வேறில்லை.