வழக்கேட்டின் பிரதியைக் கேட்டுப் பெறுவோம்

நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் நம்மில் பலருக்கு முதலில் வருவது பயம். கடிதம் சிங்களத்தில் இருந்தால் அதை வாசிக்க ஆள் தேடுகிறோம். ஆள் கிடைக்காவிட்டால் பெட்டியில் வைத்து விடுகிறோம். காணி கைவிட்டுப் போவது பல வேளைகளில் இங்கேதான் தொடங்குகிறது.

1983 கலவரத்தில் ஊவாத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்த கடதாசி போனாலும், வழக்கு நடந்திருந்தால் அதன் வழக்கேடு நீதிமன்றத்தில் இருக்கும். மிகப் பழையவை அழிக்கப்படுவதும் உண்டு. ஆகவே தாமதிக்கக் கூடாது.

எந்த நீதிமன்றம்?

உறுதி, பங்கு, எல்லை போன்ற காணி உரிமை வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. காணிச் சண்டையால் அமைதி குலையும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி ஆரம்ப நீதிமன்றம் விசாரிக்கும். அது இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றம் அந்த வேலையைச் செய்யும். அங்கே பார்ப்பது யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல. யார் கைவசம் இருந்தது என்பதையே. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்றால், முறைப்பாடு நீதிமன்றத்தில் பதிவாவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் அது நடந்திருக்க வேண்டும்.

அரச காணியிலிருந்து வெளியேறும்படி 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் அறிவித்தல் வேறு வகை. அந்த வழக்கு நீதவானிடம் போகும். அரசு தந்த செல்லுபடியான எழுத்து மூல அனுமதி உண்டா என்பதே அங்கு கேள்வி. எத்தனை தலைமுறை தேயிலை நட்டோம் என்ற கதை அங்கு போதாது. அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அங்குள்ள தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

பிரதி பெறுவது எப்படி?

வழக்கேட்டில் முறைப்பாடு, மறுமொழி, சாட்சியம், ஆவணங்கள், கட்டளைகள் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு தவணையிலும் நடந்ததைத் திகதியிட்டு எழுதிய பக்கங்களும் அதில் உண்டு. எந்த நாளில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அவை காட்டும்.

முதலில் தேவை வழக்கு இலக்கம். அழைப்பாணையின் மேல் அது எழுதப்பட்டிருக்கும். இலக்கம் தெரியாவிட்டால், இரு தரப்பினரின் பெயரையும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் எழுதிக் கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். எந்தப் பக்கங்கள் வேண்டுமென்று எழுதி விண்ணப்பித்து, கட்டணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். “உறுதிப்படுத்திய பிரதி” என்றே கேளுங்கள். முத்திரையும் கையொப்பமும் இல்லாத பிரதி வேறொரு நீதிமன்றத்தில் உதவாது. வழக்கில் தரப்பினர் அல்லாதவர், தமக்குள்ள தொடர்பைக் காட்டிச் சட்டத்தரணி மூலம் அனுமதி கேட்பது நல்லது.

தமிழில் கேட்கலாமா?

கேட்கலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இதற்கு இடம் தருகிறது. பதுளை நீதிமன்றத்திலும் நமது மனுவைத் தமிழில் கொடுக்கலாம். வழக்கு நடக்கும் மொழி நமக்கு விளங்காவிட்டால், அரசே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். வழக்கேட்டில் நாம் பெற உரித்துள்ள பகுதியைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ பெறவும் உரிமை உண்டு. ஆனால் அதை நாம்தான் முதல் தவணையிலேயே எழுந்து நின்று கேட்க வேண்டும். விளங்காமல் தலையாட்டினால், விளங்கியது என்றே எழுதப்படும்.

நாட்களை எண்ணுங்கள்

நாம் போகாததால் மாவட்ட நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கியிருந்தால், அந்தத் தீர்ப்பாணை நமது கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்குத் தக்க காரணம் காட்டி, அதை நீக்கும்படி கேட்கலாம். முழு விசாரணைக்குப் பின் வந்த தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வதென்றால், அறிவித்தலை 14 நாட்களிலும் மனுவை 60 நாட்களிலும் கொடுக்க வேண்டும். கடிதம் பெட்டியில் கிடக்கும்போதும் இந்த நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்று பின்வாங்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை தந்து வழக்கும் பேசுகிறது. கடிதம் வந்த அன்றே, கிடைத்த திகதியை அதன் உறையில் எழுதி, அதையும் எடுத்துக் கொண்டு அங்கே போங்கள்.