பெயர் தொலையாத அட்டவணை

2004 டிசம்பர் 26 சுனாமியின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கைக் கணினித் தொண்டர்கள் ‘சஹன’ மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் ‘நிவாரணம்’ என்று பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது உதவியது.

பல்லேகலயில் கணினி கற்கும் எனக்குத் தரவுத்தளத்தின் அருமையை உணர்த்தியது இதுவே. ஆட்களுக்கு ஓர் அட்டவணை, முகாம்களுக்கு இன்னொன்று. இரண்டையும் இணைப்பது இலக்கம். பெயரை மட்டும் நம்பினால் பாத்திமா, ஃபாத்திமா, பாதிமா என ஒருத்தியே மூவராகிவிடுவாள். ஆகவே பல இடங்களிலிருந்து வரும் தரவுகளை முதலில் தற்காலிக அட்டவணையில் ஏற்றி, இரட்டிப்புகளைக் களைந்து, பிறகே பிரதான அட்டவணையில் சேர்க்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றாலோ, ஒரு தொகுதி முழுதாகச் சேர வேண்டும். அல்லது எதுவுமே சேரக்கூடாது.

ஒரு வரி விடுபட்டால், முகாமிலிருக்கும் பிள்ளையைத் தாய் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பாள்.