மிதித்தால் மினுங்கும் மிடி

வீட்டில் கிட்டார் வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லேப்டாப்பில் ஆம்ப் சாஃப்ட்வேர் போட்டு வாசிக்கிறேன். பழைய மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றும் இருக்கிறது. பாட்டின் நடுவில் கிட்டாரிலிருந்து கையை எடுத்து மவுஸைத் தொட முடியவில்லை. காலால் மிதித்து டோனை மாற்ற மிடி ஃபுட் கன்ட்ரோலர் வாங்க நினைக்கிறேன். நான்கு பொத்தான் பெட்டியிலிருந்து பத்துப் பொத்தான் பலகை வரை விற்கிறார்கள். குறைந்த செலவில் எதை வாங்கலாம்?"

விளம்பரங்களைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. 'ஸ்டுடியோ தரம்' என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறார்கள். ஃபுட் கன்ட்ரோலருக்கு ஒலித்தரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஏனென்றால் உங்கள் கிட்டாரின் ஒலி அதற்குள் நுழைவதே இல்லை.

உணவகத்தில் சர்வர் உள்பக்கம் திரும்பி "மாஸ்டர், ஒரு நெய் ரோஸ்ட்" என்று குரல் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலில் மாவும் இல்லை, நெய்யும் இல்லை. ருசி முழுக்கக் கல்லின் முன் நிற்பவர் கையில். ஃபுட் கன்ட்ரோலர்தான் அந்தச் சர்வர். ஆம்ப் சாஃப்ட்வேரும் மல்டி எஃபெக்ட்ஸும் மாஸ்டர்கள். அவர்களுக்குள் ஆர்டர் சொல்லும் மொழிதான் மிடி. ரோஸ்ட் என்றால் தோசை மாஸ்டர் நிமிர்வார், காபி என்றால் காபி மாஸ்டர் நிமிர்வார். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைச் சொல்வது மிடி சேனல், அதில் 16 உண்டு. என்ன பலகாரம் என்பது 'புரோகிராம் சேஞ்ச்'. நெய் எவ்வளவு தூக்கலாக என்பது 'கன்ட்ரோல் சேஞ்ச்', அதற்கு 0 முதல் 127 வரை அளவு. வா பெடலையோ வால்யூம் பெடலையோ காலால் அழுத்தும்போது போவது இந்த இரண்டாவது வகைக் கட்டளைதான்.

அந்த 127 எங்கிருந்து வந்தது? மிடியில் ஒவ்வொரு பைட்டின் உச்ச மதிப்பு பிட்டும் ஓர் அடையாளத்துக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது 1 என்றால் புதிய கட்டளை தொடங்குகிறது. 0 என்றால் ஏற்கெனவே தொடங்கிய கட்டளைக்கான எண். எண்ணுக்கு மிஞ்சுவது 7 பிட்தான், அதாவது 128 மதிப்புகள். பேச்சின் நடுவில் காதைக் கொடுத்த மாஸ்டருக்கும் அடுத்த ஆர்டர் எங்கே தொடங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். புதிதாக வாங்குபவர்களைக் குழப்பும் ஒரு சங்கதியும் இதிலேயே இருக்கிறது. மிடி 0-விலிருந்து எண்ணுகிறது. பல கருவிகளின் திரை 1-லிருந்து எண்ணுகிறது. கன்ட்ரோலரில் 5 என்று அமைத்தால் கருவியில் 6 வந்து நிற்கும். பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

இனி நான் சொல்ல மிகவும் ஆசைப்படும் இடம்.

பழைய வட்ட வடிவ 5-பின் மிடி சாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தில் வேலை செய்பவை மூன்றுதான். இரண்டில் மின்னோட்டம் போய்த் திரும்புகிறது, நடுவில் உள்ளது கேபிளின் கவசத்துக்கு. மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன. ஆர்டர் வாங்கும் கருவிக்குள் இந்தக் கம்பி எங்கே போகிறது தெரியுமா? ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும் எல்ஈடியில் நுழைந்து, அதே கேபிள் வழியாகத் திரும்பிவிடுகிறது. கருவியின் வேறு எந்தப் பாகத்தையும் அது தொடுவதில்லை. எல்ஈடிக்கு எதிரே, ஒளி பட்டால் இயங்கும் ஓர் உணரி. இரண்டுக்கும் நடுவே ஒளியை மட்டும் விடும் மெல்லிய மின்காப்பு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. ஆனால் சில ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். இந்தச் சிப்புக்கு ஆப்டோகப்ளர் என்று பெயர். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதல் சேனலில் ஐந்தாவது டோனைக் கேட்டு மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிட்டுக்கு 32 மைக்ரோ விநாடி. மிடியில் 0 என்றால் மின்னோட்டம் உண்டு, 1 என்றால் இல்லை. ஆகவே பேச்சில்லாத நேரம் முழுக்க எல்ஈடி அணைந்தே இருக்கும். மிதித்ததும், பைட் வருவதை அறிவிக்கும் தொடக்க பிட்டும் அதையடுத்து வரும் ஆறு சுழிகளும் சேர்ந்து 224 மைக்ரோ விநாடி எரிகிறது. பிறகு 96 மைக்ரோ விநாடி இருட்டு. "சேனல் ஒன்று, டோன் மாற்று" என்பது அதோடு முடிந்தது. அடுத்து 96 வெளிச்சம், 32 இருட்டு, 160 வெளிச்சம், 32 இருட்டு. அதுதான் எண். மொத்தம் 640 மைக்ரோ விநாடி. அதற்குள் காற்றில் ஒலி 22 சென்டிமீட்டர்தான் போயிருக்கும். மூடிய கறுப்புச் சிப்புக்குள் நடப்பதாலும், அது அகச்சிவப்பு ஒளி என்பதாலும் நம் கண்ணுக்கு இதில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் அங்கே ஒரு விளக்கு மினுங்குகிறது. உங்கள் கால் இட்ட கட்டளை கொஞ்ச தூரம் வெறும் ஒளியாகவே பயணம் செய்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அழகுக்காகச் செய்ததல்ல இது. கிட்டார்காரர்களின் தீராத தலைவலி 'ஹம்' என்கிற உறுமல். ஆம்ப் ஒரு மூன்று பின் பிளக்கில் எர்த் ஆகியிருக்கிறது, லேப்டாப் சார்ஜர் இன்னொன்றில். இரண்டு கருவிகளையும் ஒரு கேபிளால் இணைத்தால், சுவருக்குள் போகும் எர்த் கம்பியும் உங்கள் கேபிளின் எர்த்தும் சேர்ந்து ஒரு முழு வளையமாகிவிடும். சுற்றிலும் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம் அந்த வளையத்தில் சிறிய மின்னோட்டத்தைக் கிளப்பும். கீபோர்டுக்கு இது பெரிய தொல்லையில்லை. கிட்டாரின் கதை வேறு. பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை டிஸ்டார்ஷன் ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிறது. வளையத்தின் முனகலும் அதோடு சேர்ந்து பெருகும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, சர்வர் ஆர்டர் சீட்டைக் கண்ணாடியில் காட்டினால் போதும் என்று ஓர் உணவகம் ஏற்பாடு செய்தால் எப்படியிருக்கும்? சீட்டு தெரியும், புகை வராது, தாளிக்கும் நெடி வராது, உள்ளே நடக்கும் சண்டையும் வெளியே கேட்காது. ஆப்டோகப்ளர் அந்தக் கண்ணாடி. கேபிளின் கவசம்கூட அனுப்பும் பக்கத்தில் மட்டுமே எர்த்தோடு சேர வேண்டும், வாங்கும் பக்கத்தில் சேரக்கூடாது என்று மிடி விதி சொல்கிறது.

ஹம் நிற்பதற்காகச் சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருப்பவை. எர்த் இல்லாத கருவியில் கசிவு ஏற்பட்டால் அது உங்கள் விரல் வழியாகத்தான் போகும். ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். ஹம்மை நிறுத்த வளையத்தை வேறு இடத்தில் உடைக்க வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் நிறுவனத்து சிந்தசைசரும் இகுதாரோ ககேஹாஷியின் ரோலண்ட் நிறுவனத்து சிந்தசைசரும் ஒரே கேபிளில் பேசிக்காட்டின. 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. மிடி 2.0 வெளியானது 2020-ல். டோன் மாற்றும் காலுக்கு 1983-ன் மிடி தாராளமாகப் போதும்; '2.0' என்ற முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

யுஎஸ்பிக்கு வருவோம். இன்றைய மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை இதைத்தான் நம்பியிருக்கின்றன. இங்கே கண்ணாடித் தடுப்பு கிடையாது, எர்த் கம்பி நேராகவே போகிறது. கன்ட்ரோலர் லேப்டாப்பில் மட்டும் செருகியிருந்தால் கவலையில்லை, அதிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் போவதால் வளையம் உருவாகாது. லேப்டாப்பிலிருந்து இன்னொரு யுஎஸ்பி கேபிள் மல்டி எஃபெக்ட்ஸுக்கும், அங்கிருந்து ஆம்புக்கும் போகும்போதுதான் உறுமல் தொடங்கும்.

யுஎஸ்பியில் வாங்குபவர்கள் பணத்தை இழக்கும் இடம் வேறு. யுஎஸ்பி இணைப்பில் ஒரு பக்கம் 'ஹோஸ்ட்' இருந்தாக வேண்டும். மற்றப் பக்கம் அது கேட்டால் மட்டுமே வாய் திறக்கும். கணினியும் கைபேசியும் ஹோஸ்ட் ஆக முடியும். ஃபுட் கன்ட்ரோலரும் சரி, பெரும்பாலான மல்டி எஃபெக்ட்ஸும் சரி, கேட்டால் பதில் சொல்பவை மட்டுமே. முதலாளி கேட்காமல் பேசக்கூடாது என்று பழக்கப்பட்ட இரண்டு பேரை முதலாளி இல்லாத உணவகத்தில் எதிரெதிரே நிறுத்தியது போல, இரண்டும் நாள் முழுக்க மௌனமாக இருக்கும். சாக்கெட் பொருந்துகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் டோன் மாறாது. கணினி இல்லாமல் மல்டி எஃபெக்ட்ஸை நேரடியாக இயக்க வேண்டுமென்றால் யுஎஸ்பி மட்டும் உள்ள கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

புளூடூத்தில் கம்பியே இல்லை, ஆகவே வளையமும் இல்லை. ஆனால் 'ஜீரோ லேட்டன்சி' என்று அதன் பெட்டியில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். குறைந்த மின்சார புளூடூத்தில் இரண்டு கருவிகளும் குறித்த இடைவெளியில்தான் சந்தித்துக்கொள்கின்றன. விதி நெடுங்காலம் அனுமதித்த மிகக் குறைந்த இடைவெளியே 7.5 மில்லி விநாடி. நடைமுறையில் 15 வரை போவது சாதாரணம். சந்திப்புக்குச் சற்று முன் மிதித்தால் உடனே போகும், சற்றுப் பின் மிதித்தால் காத்திருக்கும். டோன் மாற்றுவதற்கு இது தெரியவே தெரியாது. வாசித்த துண்டைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் வைத்து வாசிப்பவருக்கு நன்றாகத் தெரியும். லூப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் இரண்டு மிதிகள். ஒன்று உடனேயும் மற்றது தாமதித்தும் போனால், லூப் ஒவ்வொரு சுற்றுக்கும் தாளத்திலிருந்து விலகிக்கொண்டே போகும்.

இனி கடைக்குப் போகலாம். எம்-வேவ் நிறுவனத்தின் 'சாக்லேட்' மலிவு வகைக்கு நல்ல உதாரணம். நான்கு பொத்தான், யுஎஸ்பி, புளூடூத், சார்ஜ் செய்யும் பேட்டரி. லேப்டாப்பிலும் கைபேசியிலும் வாசிப்பவருக்கு இது போதும். லூப்பர் வேலைக்கு மட்டும் யுஎஸ்பி கேபிளைச் செருகிக்கொள்ளுங்கள். பெரிங்கரின் எஃப்சிபி1010 எதிர்முனை: பத்துப் பொத்தான், பத்து பேங்க், இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல், யுஎஸ்பி இல்லை, 5-பின் மட்டும். கனமான பலகை, காலால் மிதித்தே புரோகிராம் செய்வது பொறுமையைச் சோதிக்கும். உள்ளே இருக்கும் நினைவகச் சிப்பையே கழற்றி மாற்றி, வேறு மென்பொருள் போட்டுப் பயன்படுத்துபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம். வீட்டில் வாசிப்பவருக்கு நூறு நினைவிடம் தேவையில்லை. ஒரு பாட்டுக்குள் கிளீன், கிரஞ்ச், லீட், டிலே என்று நான்கைத் தாண்டுபவர்கள் குறைவு.

சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது வழி. யுஎஸ்பி மிடியாகத் தானே இயங்கக்கூடிய ஆர்டுயினோ புரோ மைக்ரோ வகை போர்டு சில நூறு ரூபாய். அதோடு நான்கு மொமென்டரி ஃபுட்ஸ்விட்ச், ஓர் அலுமினியப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்விட்சும் ஒரே தடவையில் ஒட்டாது. உள்ளே உலோகம் சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் படியும். அந்தத் துள்ளலைப் புரோகிராமில் வடிகட்டாவிட்டால் ஒரு மிதிக்கு மூன்று ஆர்டர் போகும். கடையில் வாங்கும் பெட்டியிலும் இதைச் சோதிக்கலாம். ஒரே பொத்தானை வேகமாகப் பலமுறை மிதித்து, மிதித்த எண்ணிக்கைக்குச் சரியாக மாறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: இதையெல்லாம் வாங்குவதற்கு முன் உங்கள் பழைய மல்டி எஃபெக்ட்ஸின் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட் என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த மாஸ்டர் எந்தெந்த ஆர்டரைப் புரிந்துகொள்வார் என்ற பட்டியல் அது. அதில் வாங்கும் கட்டளைகளுக்கு ஒரு பத்தி, அனுப்பும் கட்டளைகளுக்கு ஒரு பத்தி. வட்டம் என்றால் உண்டு, பெருக்கல் குறி என்றால் இல்லை. அனுப்பும் பத்தியில் புரோகிராம் சேஞ்சுக்கு நேரே வட்டம் இருந்து, கருவி தரையில் வைத்து மிதிக்கும் வகையாகவும் இருந்தால், அதன் பொத்தான்களே லேப்டாப்புக்கு ஆர்டர் கொடுக்கும். ஒரு கேபிள் போதும், ஃபுட் கன்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை.