நாலு சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும்

பெங்களூரில் பள்ளிப்படிப்பை முடித்த பெண்களிடம், "ஸ்கூல்ல என்ன கேம் ஆடினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். படித்து முப்பது வருடம் ஆனவரும் சரி, போன வருடம் முடித்தவரும் சரி, அநேகமாகச் சொல்லும் பதில் த்ரோபால். மைதானம் உள்ள பள்ளியாக இருந்தால் ஒரு பக்கம் பையன்கள் வாலிபால் அடிப்பார்கள். இன்னொரு பக்கம் பெண்பிள்ளைகள் அதே மாதிரி ஒரு வலைக்கு இருபுறமும் நின்று பந்தைப் பிடித்து எறிவார்கள். இந்த ஏற்பாடு ஊருக்கு மிகவும் பழகிவிட்டது. பெண்கள் ஏன் வாலிபால் ஆடுவதில்லை என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை.

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வி இயக்குநர் வில்லியம் மோர்கன் வாலிபாலை உருவாக்கினார். பாஸ்கெட்பால் ஆட மூச்சுப் போதாத நடுவயது ஆண்கள்தான் அவர் மனதில் இருந்தவர்கள். அதே வருடம் நியூ ஆர்லியன்ஸ் நகரில், நியூகோம்ப் பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை கிளாரா பேயர், வலைக்கு மேலே பந்தைப் பிடித்து எறியும் ஓர் ஆட்டத்தைத் தன் மாணவிகளுக்காக வகுத்தார். த்ரோபாலும் ஏறக்குறைய அதே சாயல் கொண்டதுதான். 1940களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னையில் பெண்களின் ஆட்டமாக அது பரவியது. பிறகு பெங்களூரின் பள்ளிகளில் ஆழமாக வேர்விட்டது. தாவி அடிப்பது ஆணுக்கு, பிடித்து எறிவது பெண்ணுக்கு என்ற பழைய எண்ணம் மட்டும் இன்னும் மைதானத்தை விட்டு இறங்கவில்லை.

த்ரோபால் நல்ல ஆட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் அது இல்லை; வாலிபால் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். த்ரோபால் களம் 18.30 மீட்டர் நீளம், 12.20 மீட்டர் அகலம். வாலிபால் களம் 18க்கு 9. அதாவது ஒன்றுக்குள்ளேயே இன்னொன்று அடங்கிவிடும். த்ரோபால் வலையின் உயரம் 2.20 மீட்டர். பெண்கள் வாலிபால் வலை 2.24. வித்தியாசம் நாலே நாலு சென்டிமீட்டர். ஒரு பள்ளியில் த்ரோபால் கம்பம் நட்டிருந்தால், பெண்கள் வாலிபாலுக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே அங்கே நிற்கிறது.

மீதிப் பாதி பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. கஷ்டமும் அங்கேதான்.

த்ரோபாலில் பந்து வந்தால் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் தோளுக்கு மேலிருந்து எறிய வேண்டும். வாலிபாலில் பிடித்தாலே தவறு. மூன்றே தொடுதலில் பந்து எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். வருடக்கணக்காகப் பிடித்துப் பழகிய கை, பந்தைக் கண்டதும் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் முதல் இரண்டு மாதமும் போகும். முழங்கையை மடக்காமல் இரு கைகளையும் சேர்த்து, மணிக்கட்டுக்கு மேலே உள்ள சதையில் பந்தை வாங்கும் அண்டர்ஹேண்ட் பாஸ்தான் முதல் பாடம். கையை வீச வேண்டியதில்லை. முட்டியை மடக்கி எழுந்தாலே பந்து மேலே போகும். முதல் வாரம் முன்கை சிவந்துபோகும், வலிக்கும். போட்டிப் பந்து 260 முதல் 280 கிராம் எடை. ஆரம்பத்தில் அதைவிட லேசான, மெத்தென்ற பந்தைக் கொடுத்தால் பாதிப் பேர் இரண்டாம் நாளே ஓடிப்போக மாட்டார்கள்.

த்ரோபால் சொல்லிக்கொடுத்ததும் வீணாகாது. தலைக்கு மேலே வரும் பந்தின் அடியில் சரியாகப் போய் நிற்கும் கண், விரல்களால் பந்தைத் தள்ளும் ஃபிங்கர் பாஸுக்கு அப்படியே உதவும். தோளுக்கு மேலிருந்து எறிந்த கைக்கு மேல்கை சர்வீஸ் சீக்கிரம் வந்துவிடும். நல்ல த்ரோபால் ஆட்டக்காரியை, அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டராக முயன்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆள் எடுக்கும்போது பல பள்ளிகள் செய்யும் தவறு, உயரமானவர்களை மட்டும் நிற்க வைத்து மற்றவர்களை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது. 1998இல் சர்வதேச ஆட்டத்தில் லிபரோ என்ற இடத்தைக் கொண்டுவந்தார்கள். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று, தரையோடு தரையாகப் பாய்ந்து பந்தை எடுப்பதே அவர் வேலை. அதற்கு உயரம் தேவையில்லை. துணிச்சலும் வேகமான காலும் போதும். பன்னிரண்டு வயதில் குள்ளமாக இருக்கும் பிள்ளை பதினைந்தில் எப்படி இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதல்முறையாக இடம்பெற்றது, பெண்களுக்கும் அப்போதே. தங்கம் வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலானோர் கைசுகா ஊரின் நிச்சிபோ நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். மாலைவரை ஆலை, அதன்பின் நள்ளிரவுவரை பயிற்சி. சோவியத் அணியின் உயரத்துக்கு ஈடுகொடுக்க, உருண்டு எழுந்து பந்தை எடுக்கும் முறையை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாத்சு காட்டிய கடுமையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது. ஆனால் உயரம் குறைந்த அணி எதை நம்ப வேண்டும் என்பதை அந்த நூற்பாலைப் பெண்கள் உலகத்துக்கே காட்டிவிட்டார்கள்.

கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றே வருடம். பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிடும். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று பிள்ளை மைதானத்தை விட்டுப் போய்விடுவாள். ஒன்பதாம் வகுப்பில் அணி சேர்த்தால் ஒரே வருடத்தில் அது கலைந்துவிடும். ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டி ஆட விட வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே கல்வித் துறையின் போட்டிகள் வந்துவிடும். வட்டாரம், தாலுகா, மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏணி மாதிரிப் போகும். புதிய அணி முதல் வருடம் வட்டாரத்திலேயே தோற்றால் தவறில்லை. தோற்ற அணியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் எண்ண வேண்டிய கணக்கு.

வயிற்றைக் கவனிக்காமல் அணி கட்ட முடியாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரத்துக்கு ஆறு நாள் முட்டை தரும் திட்டம் இருக்கிறது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா, குப்பையில் போடுகிறார்களா என்பதையும் பி.டி. ஆசிரியர் பார்க்க வேண்டும்.

முழங்காலையும் காக்க வேண்டும். தாவி இறங்கும் ஆட்டங்களில் முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்காமல், இரண்டு காலும் ஊன்றி முட்டி மடங்க இறங்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஸ்மாஷ். செம்மண் களத்தில் தினமும் கல் பொறுக்குவதும் பயிற்சியில் சேர்ந்ததே.

வீட்டில் பேசுவதற்குத் தலைமையாசிரியர் நேரம் ஒதுக்க வேண்டும். "சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவா? கூட யார் இருப்பாங்க? அரை டிரவுசர் போடணுமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். காலையில் பள்ளிக்கு முன்னால் பயிற்சி, கூடவே ஓர் ஆசிரியை, முழு டிராக் பேண்ட் என்று தெளிவாகச் சொன்னால் பல அம்மாக்கள் சம்மதிப்பார்கள். உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாமல் அந்தச் சம்மதத்தைக் கேட்பது சரியல்ல. போட்டிக்குப் போகும் செலவு முன்புபோல் பயமுறுத்துவதில்லை. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பி.எம்.டி.சி. சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பன்னிரண்டு பிள்ளைகளும் ஆசிரியையும் நகரின் மறுகோடிவரை டிக்கெட் காசில்லாமல் போய் ஆடிவிட்டு வரலாம்.

பள்ளிக்கு அப்பால் என்ன இருக்கிறது? 2023 டிசம்பரில் ஆண்கள் கிளப் உலக சாம்பியன்ஷிப் கோரமங்கலா உள்ளரங்கத்தில் நடந்தது. பெங்களூர் டார்பிடோஸ் அணி 2025இல் பிரைம் வாலிபால் லீக் கோப்பையை வென்றது. அந்த லீக் 2022இல் தொடங்கியது. இதுவரை நடந்த நாலு சீசனும் ஆண்களுக்கே. பெண்களுக்கான கதவு வேறு பக்கம் திறந்திருக்கிறது. ரயில்வேயும் கேரள மின்வாரியமும் பெண்கள் வாலிபால் அணிகளை வைத்து வேலை கொடுக்கின்றன. 1970களிலேயே கே.சி. ஏலம்மா என்ற வாலிபால் வீராங்கனை அர்ஜுனா விருது வாங்கிய மாநிலம் கேரளம். பெண்பிள்ளை வாலிபால் ஆடுவது அங்கே செய்தியே இல்லை. அந்த நிலை பெங்களூருக்கும் வர வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களும் வார்டுப் பெரியவர்களும் அடுத்த முறை பள்ளிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், கேடயத்தையும் சால்வையையும் விட்டுவிட்டுப் பத்து வாலிபால் பந்தும் ஒரு நல்ல வலையும் வாங்கிக் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே, த்ரோபால் கம்பத்தில் அந்த வலையை நாலு சென்டிமீட்டர் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.